எட்டாவது காவடி

திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று பக்தர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கே.ஜி.கண்டிகை கஜபதிக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை. லீப் வருஷத்தில் ஒரு படி கூட்டிக் கட்டிவிடுவார்களோ என்ற பயம்தான் இருந்தது. நாற்பது வயசு, நல்ல சரீரம், நாலு ஏக்கர் நஞ்சை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கத் தக்க காரணம் வேண்டும் என்பது அவன் கொள்கை. அப்பேர்ப்பட்ட மனுஷன் மார்கழி தொடங்கி ஆனி முடிய ஏழு தடவை காவடி தூக்கி அந்த மலையை ஏறி இறங்கியிருந்தான். ஊரே ஆச்சரியப்பட்டது. அவனும்தான்.

காரணம் அவன் அக்கா மகள் தமயந்தியின் வயிறு.

தமயந்திக்குப் பதினைந்து வயசு. போன ஆவணியில் பெரியவளானாள். தாய்மாமன் முறைக்குக் கஜபதிதான் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டினான், சீர்த்தட்டு தூக்கினான், பந்தியில் இரண்டு தரம் உட்கார்ந்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கார்த்திகை மாசம் ஒரு காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவள் நாலு நாள் எழுந்திருக்கவில்லை. மார்கழியில் மறுபடியும் அதே கதை. அவள் அப்பா தணிகாசலம் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். இரண்டு தடவையும் கிருத்திகை நட்சத்திரம். முருகனுக்கு உகந்த நாள். அதோடு, அந்த நாளில்தான் பெண் வீட்டுக்குத் தூரமாகவும் ஆகிவிடுகிறாள். அதனால் மலைப் பக்கம் தலைவைக்கவும் முடியாது.

"முருகன் பொண்ணப் படி ஏத்த மாட்டேங்கறாரு. நம்ம வூட்டுல எதோ ஒரு பிரார்த்தனை நின்னுபோய் கீது" என்று தீர்ப்புச் சொன்னார் தணிகாசலம்.

அக்கா கௌரியம்மாள் தம்பியைப் பார்த்தாள். சும்மா பார்த்தாள், அவ்வளவுதான். கஜபதிக்கு வியர்த்துவிட்டது.

ஏனென்றால் நின்றுபோன பிரார்த்தனை எதுவென்று அவனுக்குத் தெரியும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே அக்கா பிரசவ வலியில் இரண்டு நாள் துடித்தபோது, வாசலில் நின்று, "சாமி, ரெண்டு உசிரும் பொழைச்சா நான் பூக்காவடி எடுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டவன் அவன். இரண்டு உயிரும் பிழைத்தன. மறந்துபோயிருந்தால் கூட மன்னிக்கலாம். இவன் மறக்கவில்லை. ஒரு வருஷம் அறுவடை, ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் மாட்டுக்குச் சுகமில்லை, அப்புறம் யுத்தமே வந்துவிட்டது. ஹிட்லர் செத்து ஒரு வருஷம் ஆனபிறகும் காவடி மட்டும் கிளம்பவில்லை.

"அவளுக்குப் பதிலா நான் எடுக்கறேன் பாவா" என்றான் கஜபதி, அக்கா புருஷனைப் பார்த்து.

அந்த மார்கழியிலேயே எடுத்தான். தையிலும் வலி வந்தது. காவடியில் பூ வாடியிருந்தது, அதுதான் குறை என்றார் தணிகாசலம். தையில் புதுப்பூ. மாசியிலும் வலி வந்தது. பாதிப் படியில் உட்கார்ந்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், நிஜமாகவே உட்கார்ந்திருந்தான். பங்குனியில் பால் காவடி. சித்திரையில், மலையடிவாரக் கடையில் போண்டா சாப்பிட்ட விஷயம் வெளியே வந்தது. கஜபதி இரண்டு என்று ஒப்புக்கொண்டான், கடைக்காரன் ஐந்து என்றான். வைகாசியில் பட்டினியோடு ஏறினான். ஒவ்வொரு தடவையும் மொட்டை வேறு. ஆனியில் சரவணப் பொய்கைக் கரையில் நாவிதர் அவன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாத்த எடுக்கறது? போன வாட்டி எடுத்ததே இன்னும் மொளைக்கல" என்று கத்தியை மடக்கிவிட்டார்.

தமயந்தியின் வலி மட்டும் குறையவில்லை. மாசா மாசம் கூடிக்கொண்டே போனது. முதலில் நாலு நாள் இருந்தது எட்டு நாளாயிற்று. தாவணியை இறுக்கிக் கட்ட முடியவில்லை. வேலைக்குப் பயந்துதான் வலி என்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் பேசிக்கொண்டார்கள். கௌரியம்மாள் பெண்ணைத் திட்டுவாள், அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து அழுவாள். அவளுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

ஆனிக் கிருத்திகை முடிந்த மூன்றாம் நாள் கஜபதியின் வலது முட்டி வீங்கிவிட்டது. ஒற்றைக்காலில் குதித்துக் குதித்து மாட்டுவண்டி ஏறி, திருத்தணியில் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அங்கே நர்ஸ் தபிதாள் என்றால் நோய்க்கே பயம். அவள் முட்டியை ஒரு அமுக்கு அமுக்கினாள்.

"வுழுந்தீங்களா?"

"இல்லம்மா. ஏறனேன்."

"எங்க?"

"மலைக்கு. ஏழு வாட்டி."

தபிதாள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினாள். உள்ளே டாக்டரம்மா ஜெபரத்தினம். ஒல்லியான உருவம், கதர்ப் புடவை, மூக்குக் கண்ணாடி. வேலூர்ப் பக்கத்துக்காரர். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். முட்டிக்குத் தைலம் எழுதிக்கொண்டே, "இந்த உடம்போட ஏழு மாசமா எதுக்கு ஏறறீங்க?" என்று கேட்டார்.

கஜபதி சொன்னான். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன். பூக்காவடி, பால் காவடி, போண்டா, நாவிதர் எல்லாவற்றையும் சொன்னான். டாக்டரம்மா கேட்டும் கேளாமலும் எழுதிக்கொண்டிருந்தார். "கிருத்திகைக்குக் கிருத்திகை தவறாம வலி வருதுங்க" என்றபோது பேனா நின்றது.

"கிருத்திகை எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்?"

"இருபத்தேழு நாளைக்கு ஒருவாட்டி."

"அந்தப் பொண்ணுக்கு மாசம் ஒழுங்கா வருதா?"

நாற்பது வருஷத்தில் எந்தப் பெண்பிள்ளையும் கஜபதியிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சுவரில் ஒரு மேய்ப்பரும் ஆடுகளும் உள்ள படம் மாட்டியிருந்தது. அவன் அந்த ஆடுகளைப் பார்த்துப் பதில் சொன்னான். "ஆங். அந்த நாள்லதான் வலியே. அதனாலதான அவளால மலை ஏற முடியல, நான் ஏறிகினு கீறேன்."

"வலி எந்தப் பக்கம்?"

கஜபதிக்கு மலையில் எந்த வாசல் வழியாகப் போனால் கூட்டம் குறைவு என்று தெரியும். எந்தப் படியில் நிழல் இருக்கும் என்று தெரியும். இது தெரியவில்லை.

"தெரியாதுங்க."

"அவளுக்காக ஏழு தடவை மலை ஏறியிருக்கீங்க. ஒரு தடவைகூட அவகிட்ட கேக்கலையா?"

டாக்டரம்மா கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது உறைத்தது. அக்கா வீடு போய்ச் சேரும்வரை கஜபதிக்கு முட்டி ஞாபகமே வரவில்லை.

தமயந்தி கொல்லையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கஜபதி எதிரே குந்தப் பார்த்து, முட்டி மடங்காமல், நின்றபடியே கேட்டான். "தமயந்தி, உனக்கு எந்தப் பக்கம் வலிக்குது?"

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. "இடது பக்கம் மாமா. எப்பவும் இடது பக்கந்தான். உள்ள ஒரு கட்டி கீது. மாசா மாசம் பெருசாவுது. எல்லாரும் சாமிக்கு இன்னா கோவம், சாமிக்கு இன்னா கோவம்னு கேட்டுகினு கீறாங்களே, என்னை யாரும் ஒண்ணும் கேக்கலையே."

கஜபதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் அவனாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் இடது பக்கம் என்றும் கட்டி என்றும் சொன்னான். டாக்டரம்மா அலமாரியிலிருந்து தடியாக ஒரு புஸ்தகத்தை எடுத்து, ஒரு படத்தைத் திறந்து காட்டினார்.

"எல்லாப் பொண்ணுங்களுக்கும் கர்ப்பப்பை ஒண்ணு. ரொம்ப அபூர்வமா சிலருக்குப் பிறவியிலேயே ரெண்டா அமைஞ்சுடும். ரெண்டுக்கும் வழி இருந்தா தொந்தரவு இல்லை. சில பேருக்கு ஒரு பக்கம் வழி இருக்கும், இன்னொரு பக்கம் அடைச்சிருக்கும். திறந்த பக்கம் மாசா மாசம் ஒழுங்கா வரும். அதனால எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுக்குவாங்க. அடைச்ச பக்கத்துலயும் அதே நாள்ல ரத்தம் ஊறும். போக வழியில்லாம உள்ளயே தேங்கும். மாசா மாசம் சேரும். நான் இதை நேர்ல ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன். இதுவா இருக்கும்னு சந்தேகப்படறேன். பொண்ணைப் பாத்தாதான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

"அப்ப கிருத்திகை?"

"முருகனுக்கும் இருபத்தேழு நாள் கணக்கு. உங்க பொண்ணு உடம்புக்கும் இருபத்தேழு நாள் கணக்கு. ரெண்டும் ஒரே நாள்ல விழுந்துடுச்சு."

"அப்ப சாமிக்கு என்மேல கோவம் இல்லையா?"

"சாமியைப் பத்தி எனக்குத் தெரியாது. வயித்தைப் பத்திக் கொஞ்சம் தெரியும். சீக்கிரமாக் கூட்டிட்டு வாங்க."

இதை அக்காளிடம் போய்ச் சொல்வது முந்நூற்று அறுபத்தைந்து படியைவிடச் சிரமமாக இருந்தது. கௌரியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒண்ணு. எங்கம்மாவுக்கு ஒண்ணு. இவளுக்கு மட்டும் இன்னாத்துக்கு ரெண்டு?"

"பொறவியிலயே அப்படியாம் அக்கா."

"அந்த டாக்டரம்மா என் பொண்ணப் பாத்தாங்களா?"

"இன்னும் பாக்கல."

"உன் முட்டியப் பாத்தே என் பொண்ணு வயித்தக் கண்டுபுடிச்சிட்டாங்களா?"

யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் நடந்திருந்தது.

தணிகாசலம் நடுவில் புகுந்தார். கல்யாணம் ஆகாத பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கத்தி வைத்தார்கள் என்று தெரிந்தால் நாளைக்கு எவன் வந்து கேட்பான்? இன்னும் இருபது நாளில் ஆடிக் கிருத்திகை. வருஷத்துக்கே பெரிய கிருத்திகை. கஜபதி அன்றைக்கு ஒரு காவடி குறையில்லாமல் எடுக்கட்டும். அதற்கும் சரியாகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம். கஜபதி இரண்டு நாள் வாதாடினான், ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தான். ஒன்றும் எடுபடவில்லை.

ஆடிக் கிருத்திகையும் வந்தது. திருத்தணியில் அன்றைக்குத் தரையே தெரியாது. சித்தூர் ஜில்லா முழுவதும், பட்டணம் பாதியும் மஞ்சள் கட்டிக்கொண்டு அங்கே வந்து நிற்கும். கண்டிகையில் அக்கா வீட்டில் கஜபதி குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, உடம்பெல்லாம் விபூதியும் சந்தனமும் பூசி, பூக்காவடியைத் தோளில் ஏற்றினான். அந்த நிமிஷம் உள்ளேயிருந்து தமயந்தி அலறினாள்.

இதுவரை அவள் முனகித்தான் கேட்டிருக்கிறார்கள். இது வேறு. உடம்பு அனலாகக் கொதித்தது. கையை இடது பக்கம் வைத்துக்கொண்டு, "மாமா, மலைக்குப் போவாத, என்னைக் கூட்டிகினு போ" என்றாள்.

கஜபதி அப்படியே திரும்பினான். "பாவா, வண்டியப் பூட்டுங்க."

"காவடி தோள்ல ஏறிடுச்சு. எறக்கக் கூடாது" என்றார் தணிகாசலம்.

"யாரு எறக்கறது? நீங்க வண்டியப் பூட்டுங்க."

பிறந்ததிலிருந்து தம்பி யாரையும் இப்படி அதட்டிக் கௌரியம்மாள் கேட்டதில்லை. அவளே போய் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

திருத்தணி எல்லை வரைக்கும் வண்டி ஓடியது, கஜபதி கூடவே ஓடினான். எல்லையில் வண்டி நின்றது. எதிரே மனுஷக்கடல். ஆஸ்பத்திரி ஒரு பக்கம், கூட்டம் போவது நேர் எதிர்ப்பக்கம். வண்டி ஓட்டிவந்த தணிகாசலம் கத்தினார், கெஞ்சினார், யாரும் காதில் வாங்கவில்லை. வண்டிக்குள் தமயந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

கஜபதி வண்டிக்கு முன்னால் போய் நின்றான். காவடியை ஒரு சுற்றுச் சுற்றி, அடிவயிற்றிலிருந்து "அரோகரா" என்றான்.

காவடிக்கு வழி விடாத ஜனம் திருத்தணியில் உண்டா? கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பெண்கள் ஓடி வந்து அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அவன் ஆடிக்கொண்டே முன்னால் போக, வண்டி பின்னால் உருண்டது. தொண்டர் ஒருவர் பதறிப்போய் வந்தார். "சாமி, மலை இந்தப் பக்கம்."

"எனக்கு உத்தரவு அந்தப் பக்கம்" என்றான் கஜபதி.

இவ்வளவு உறுதியாக ஒருவன் எதிர்த்திசையில் போனால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று ஜனத்துக்குத் தோன்றிவிடும். அம்மையார்குப்பத்து நெசவுக்காரர்கள் பத்துப் பேர் காவடியோடு வந்துகொண்டிருந்தார்கள். நெரிசலில் நின்று சலித்துப்போனவர்கள், இது ஏதோ குறுக்கு வழி என்று நினைத்து அவன் பின்னாலேயே திரும்பிவிட்டார்கள். அவர்களோடு பம்பை மேளக்காரர்களும் திரும்பினார்கள். ரயில் கேட்டைத் தாண்டும்போது பதினொரு காவடி, மூன்று பம்பை, ஒரு மாட்டுவண்டி.

மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் தபிதாள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இது ஆஸ்பத்திரி. சத்தம் போடக் கூடாது."

பம்பை கப்பென்று நின்றது. அம்மையார்குப்பத்துக்காரர்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். வேப்பமரம், வெள்ளைச் சுவர், கட்டுப் போட்ட நாலு நோயாளிகள். ஒருவர் தணிந்த குரலில், "மலைக்கு எப்படிம்மா போறது?" என்று கேட்டார். தபிதாள் கையை நீட்டினாள். வந்த வழியேதான்.

தமயந்தியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். டாக்டரம்மா திரை மறைவில் அவளைப் பரிசோதித்துவிட்டு வெளியே வந்தார். தாயையும் தகப்பனையும் உட்கார வைத்தார்.

"நான் சந்தேகப்பட்டதுதான். ரெண்டு கர்ப்பப்பை. இடது பக்கத்துக்கு வழி இல்லை. அதுல இப்ப காய்ச்சலும் சேர்ந்துடுச்சு. வயித்தைக் கிழிக்க வேண்டியதில்லை. கீழ ஒரு தடுப்புச் சுவர் இருக்கு, அதை எடுத்து வழி விட்டாப் போதும். இன்னைக்கே செய்யணும்."

கௌரியம்மாள் எழுந்து நின்றாள். "நாளைக்கு இவளுக்குக் கொழந்த பொறக்குமா?"

"எதையும் வெட்டி வெளிய எடுக்கலைம்மா. அடைச்ச கதவைத் திறக்கறேன், அவ்வளவுதான். இப்படி அமைஞ்ச பொண்ணுங்க பிள்ளை பெத்திருக்காங்க. இப்படியே விட்டாத்தான் பயம்."

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். மனைவி வராந்தாவைப் பார்த்தாள். அங்கே பூக்காவடி, தபிதாள் கொண்டுவந்து போட்ட வெள்ளைத் துணி விரித்த பெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது. இறக்கி வைக்க இடம் கேட்டவனைத் தபிதாள் முதலில் முறைத்தாள், அப்புறம் துணியை அவளே உதறி விரித்தாள். பக்கத்தில் கஜபதி, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு தரையில் கிடந்தான்.

"முருகன் காவடிய இங்கதான் கொண்டாந்து எறக்கியிருக்காரு. செய்யுங்கம்மா" என்றாள் கௌரியம்மாள்.

கஜபதி திருத்த வாயெடுத்தான். நல்லவேளையாக மூடிக்கொண்டான்.

கதவைச் சாத்தினார்கள். மூன்று பேரும் வராந்தாவில் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் கஜபதியால் தாங்க முடியவில்லை. பதினைந்து வருஷத்துக் கதையை அக்காளிடம் கொட்டிவிட்டான். வேண்டிக்கொண்டது, எடுக்காதது, அறுவடை, மாடு, யுத்தம் எல்லாம். சொல்லிவிட்டு அடி விழும் என்று தலையைக் குனிந்தான்.

"தெரியும்" என்றாள் கௌரியம்மாள். "நான் உள்ள வலியில கெடந்தேன். நீ வாசல்ல கத்தி வேண்டிகினியே, ஊருக்கே கேட்டுது. பதினஞ்சு வருஷமா எப்ப எடுப்பன்னு பாத்துகினுதான் இருந்தேன்."

"அப்ப ஏழு வாட்டியும் தெரிஞ்சிகினேவா என்னை ஏத்தின?"

"முத வாட்டி தெரிஞ்சிதான் ஏத்தினேன்." அவள் சாத்திய கதவைப் பார்த்தாள். "அப்பறம் பயந்து போயிட்டேன்டா. எனக்கு வேற எதுவும் தோணல."

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எட்டு மாசத்துக்கு மேல தேங்கிக் கிடந்தது. வழி விட்டாச்சு. தூங்கறா" என்றார். கௌரியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளை இரண்டு தட்டுத் தட்டினார்.

தபிதாள் கஜபதியிடம் வந்து, "பூ வாடுது, எடுத்துகினு போங்க" என்றாள். அவன் எட்டாவது காவடியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினான். முட்டி வலிக்காமல் போய்விடவில்லை, ஒவ்வொரு படிக்கும் வலித்தது. வழியில் அம்மையார்குப்பத்துக்காரர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் அவசரமாக ஒதுங்கி, அவன் எந்தப் பக்கம் போகிறான் என்று கவனித்துக்கொண்டார்கள்.

பத்து நாளில் தமயந்தி வீடு திரும்பினாள். ஆடிக் கிருத்திகையிலிருந்து இருபத்தேழாம் நாள் அடுத்த கிருத்திகை.

அன்று காலை அவள் வீட்டுக்குத் தூரமானாள். கொல்லைப் பக்கத்துத் தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தாள். தணிகாசலம் வயலுக்குப் போகவில்லை. கௌரியம்மாள் அடுப்பை மூட்டவில்லை. கஜபதி மஞ்சள் வேட்டியைத் துவைத்துத் தயாராக வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, தூரத்தில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் இருமினால் எழுந்தார்கள், திரும்பிப் படுத்தால் எழுந்தார்கள். மதியமாயிற்று. வெயிலும் சாய ஆரம்பித்தது.

கடைசியில் கஜபதிதான் எழுந்து போனான். எட்ட நின்றுகொண்டு அந்த ஒரே கேள்வியைக் கேட்டான்.

"எந்தப் பக்கம் வலிக்குது?"

தமயந்தி இடது பக்கம் கையை வைத்தாள். பின்னால் கௌரியம்மாள் எழுந்துவிட்டாள். தமயந்தி அமுக்கிப் பார்த்தாள். கையை மெல்ல நடுவில் கொண்டுவந்து, அங்கேயும் அமுக்கிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கமும் இல்ல மாமா" என்றாள். "பசிக்குது. காலையிலேர்ந்து எல்லாரும் என்னையே பாத்துகினு கீறீங்க, யாரும் சோறு ஆக்கல."

கௌரியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். கஜபதி அதே இடத்தில், முட்டி மடங்காது என்பதையும் மறந்து, தரையில் உட்கார்ந்து அழுதான்.